குழுவினர்

பிரேமலாவுக்கு அவள் புகுந்த வீட்டில் ஒரு பட்டப்பெயர் உண்டு: குழுவினர். ஒற்றை ஆளுக்குப் பன்மையில் பெயர் வைத்த பெருமை அவள் புருஷன் காளிதாஸின் அக்கா மலரைச் சேரும். "குழுவினர் சமைச்சாச்சா?" என்றும் "குழுவினருக்கு இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்து" என்றும் கல்யாணமான வருஷம் தொடங்கியது. இருபத்தெட்டு வருஷமாகியும் யாருக்கும் அலுக்கவில்லை. சிரிக்கத் தெரிந்த குடும்பம் அது. எங்கே நிறுத்துவது என்பதுதான் தெரியாது.

பெயர் வந்த கதை சின்னக் கதை. பிரேமலா பெக்கோக் ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள். அங்கே மாரியம்மன் கோவில் பஜனையில் பாடிக்கொண்டிருந்த மூன்று பெண்களை 1991-இல் ஒரு வேனில் ஏற்றி ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போனார்கள். சந்திரமதி என்கிற பாடகி அம்மன் பாட்டு கேசட் ஒன்று போட்டார்; அவருக்குப் பின்பாட்டுப் பாட மூன்று குரல் தேவைப்பட்டது. மூன்றில் ஒருத்தி பத்தொன்பது வயது பிரேமலா. கேசட் வெளிவந்தது. அட்டையில் "பாடியவர்: சந்திரமதி மற்றும் குழுவினர்" என்று போட்டிருந்தது.

கல்யாணமாகி வந்தபோது அந்தக் கேசட்டைப் பட்டுப்புடவையோடு சேர்த்து மடித்து எடுத்து வந்தாள். "இதுல நான் பாடிருக்கேன்" என்றாள். மொத்தக் குடும்பமும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. சந்திரமதியின் குரல்தான் கேட்டது. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் பேசுகிறவன் குரல் கேட்குமா? அப்படிப்பட்ட குரல் அது. பின்னால் ஏதோ முனகல் மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ, இந்தக் குழுவினர் நீதானா?" என்றாள். வீடே சிரித்தது. காளிதாஸும் சிரித்தான். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அவனிடம் விட்டால் மறைத்துவிடுவான்.

அன்றிலிருந்து பிரேமலா வாய்விட்டுப் பாடி அவன் கேட்டதில்லை. சாமி அறையில்கூட உதடு மட்டும்தான் அசையும்.

அவளைக் கேலி செய்ய இன்னொரு காரணமும் இருந்தது. "ழ" அவள் நாக்கில் ஏறாது. மழை "மளை" ஆகிவிடும், வாழைப்பழம் "வாளப்பளம்" ஆகிவிடும். காளிதாஸ் தமிழ்ப்பள்ளியில் ஒப்புவித்தல் போட்டியில் கோப்பை வாங்கியவன். அந்தக் கோப்பையில் இப்போது திருகாணிகள் கிடக்கின்றன, ஆனால் பெருமை மட்டும் குறையவில்லை. "மளை இல்ல பிரேமா, மழை" என்று துணி உலர்த்தும்போதும் திருத்துவான், குடை தேடும்போதும் திருத்துவான். அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

லாயாங் லாயாங் ஊரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவர்கள் வீடு. காளிதாஸுக்குக் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை ரிப்பேர் செய்யும் வேலை. காரில் தினமும் போய்வர ஒன்றரை மணி நேரம். கார் வாங்கியபோது அதோடு வந்த ரேடியோவைப் பன்னிரண்டு வருஷம் கேட்டு ஒருவழியாகச் சலித்துப் போனான். வயதான ரேடியோ, வயதான ஸ்பீக்கர். அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. குளுவாங்கில் கார் சாமான் கடை வைத்திருக்கும் நண்பன் ஹேமநாதனிடம் போய்ப் புது ரேடியோ ஒன்றும், நாலு கதவுக்கும் ஸ்பீக்கரும், சீட்டுக்கு அடியில் வைக்கிற சின்ன பேஸ் பெட்டி ஒன்றும் வாங்கி வந்தான்.

"நானே மாட்டிக் குடுக்கிறேன்லா, காரை விட்டுட்டுப் போ" என்றான் ஹேமநாதன்.

"ஃபோர்க்லிஃப்டையே பிரிச்சு மேயிறவன்டா நான். இது என்ன பெரிய வயரு?"

ஹேமநாதனுக்கு நண்பனைத் தெரியும். பேசாமல் முன் கதவு ஸ்பீக்கர் இரண்டுக்கும் பேஸ் பெட்டிக்கும் தானே கிளிப் போட்டுக் கொடுத்தான். செருகினால் போதும், தப்புச் செய்ய வழியே இல்லை. பின் கதவுக்குக் கிளிப் கையிருப்பில் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவதற்கு அந்த இரண்டு கதவு போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. முன் ஸ்பீக்கர்கள் சட்டென்று உட்கார்ந்துகொண்டன. காளிதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானம் ஒரு கட்டு கட்டிவிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்துக்கொண்டான். வாயில் டார்ச். பிரேமலா வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு, ரேடியோவுடன் வந்த காகிதத்தைப் பிடித்திருந்தாள். அதில் எழுத்து எறும்பு சைஸில் இருந்தது.

"பின்னாடிக்கு எதெதுன்னு போட்டிருக்கு?"

"பச்சையும் ஊதாவும்."

"பச்சையும் ஊதாவுமா?"

"ஆமாங்க. பச்சையும் ஊதாவும் பின்னாடிக்கு. அப்புறம் கறுப்புக் கோடு போட்ட பச்ச, கறுப்புக் கோடு போட்ட ஊதா. அதுவும் பின்னாடிக்குத்தான்."

அவள் படித்ததில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. பச்சை இடது பக்கத்துக்கு, ஊதா வலது பக்கத்துக்கு. பச்சைக்கு ஜோடி கோடு போட்ட பச்சை, ஊதாவுக்கு ஜோடி கோடு போட்ட ஊதா. ஆனால் சாப்பாடு கண்ணைச் சொருகும் நேரத்தில் தலைகீழாகக் கிடக்கிறவன் காதில் எல்லாம் வேறு மாதிரி விழுந்தது. கோடு இல்லாத இரண்டும் ஒரு ஜோடி, கோடு போட்ட இரண்டும் ஒரு ஜோடி என்று அவன் முடிவு கட்டினான். பச்சையையும் ஊதாவையும் சேர்த்து ஒரு கதவுக்குக் கொடுத்தான். கோடு போட்ட இரண்டையும் இன்னொரு கதவுக்குக் கொடுத்தான். டேப் சுற்றினான். "முடிஞ்சிச்சு" என்று வெளியே வந்தபோது முதுகெல்லாம் வியர்வை, முகமெல்லாம் வெற்றி.

அந்த வீட்டில் எந்தப் புதுப் பொருளிலும் முதலில் சாமி பாட்டுதான். பென்டிரைவில் இருந்த சாமி பாட்டு அந்தக் கேசட்டிலிருந்து மாற்றியது மட்டுமே. அவர்கள் மகள்தான் சிங்கப்பூரில் யாரிடமோ கொடுத்து மாற்றி வாங்கி வந்தாள். காளிதாஸ் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கைகூப்பி, பொத்தானைத் தொட்டான்.

உடுக்கை ஒலித்தது. அவன் முதுகு நிமிர்ந்தது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட உடுக்கைதான், ஆனால் இன்றைக்குத்தான் அதற்குத் தோல் இருப்பதே தெரிந்தது. விரல் பட்டதும் அந்தத் தோல் விம்மி அடங்குவது நெஞ்சுக்குள் கேட்டது. சலங்கை ஒவ்வொரு மணியாக உதிர்ந்தது. சந்திரமதி பாடத் தொடங்கும் முன் மூச்சை இழுத்தது கேட்டது. முப்பது வருஷத்துக்கு முன் இழுத்த மூச்சு! "அலமாக்" என்று வியந்தான் காளிதாஸ், தனக்குத்தானே. மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை நாள் இந்தப் பாட்டை ஒரு மூட்டைக்குள் வைத்துக் கேட்டோமோ என்று நினைத்தான்.

பிரேமலா பின் சீட்டில் சிதறிக் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"ஏங்க, இங்க அந்தம்மா குரலே கம்மியா இருக்கே."

"நல்லாத்தானே பாடுறாங்க?"

"உங்களுக்குக் கேக்குது. இங்க வேற மாதிரி இருக்கு."

புது ரேடியோவின் திரையில் கார் படம் ஒன்று இருந்தது. அதில் ஒரு புள்ளியை விரலால் நகர்த்தினால் சத்தம் முன்னாலோ பின்னாலோ போகும். காளிதாஸ் புள்ளியைப் பின்னால் தள்ளினான். முன் ஸ்பீக்கர்கள் அடங்கின. சந்திரமதி காணாமல் போனார்.

குறைந்து போகவில்லை, ஆளையே காணோம். உடுக்கையும் பாதிக்கு மேல் போய்விட்டது. குரல் இருந்த இடத்தில் அதன் எதிரொலி மட்டும், ஆள் போன பிறகு அறையில் மிஞ்சும் சந்தன வாசனைபோல் லேசாக மிதந்தது. காளிதாஸின் முகம் தொங்கிப் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஹேமநாதன் என்ன சொல்லிச் சிரிப்பான் என்பதுகூட அவனுக்கு அப்போதே கேட்டது. அணைப்பதற்குக் கையை நீட்டினான்.

"அணைக்காதீங்க."

அவள் குரலில் என்னவோ இருந்தது. திரும்பிப் பார்த்தான். பிரேமலா பின் சீட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பொறுக்கிய ஆணிகள் உள்ளங்கையில் இருந்தன. அப்போது பல்லவி திரும்ப வந்தது, சந்திரமதி இல்லாமல்.

மூன்று பெண்கள் பாடினார்கள்.

மழையாய் வாம்மா, மனம் கழுவிப் போம்மா.

அவ்வளவு நெருக்கமாக. மூன்று பேரும் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. ஒருத்தி கனமான குரல், ஒருத்தி கொஞ்சம் மூக்கால் பாடினாள். மூன்றாவது குரல் இந்த இரண்டுக்கும் மேலே, பயமே இல்லாமல், மெல்லியதாக, நேராக எழுந்து போனது. காளிதாஸ் கதவைத் திறந்து இறங்கிப் பின் சீட்டுக்குப் போனான். இரண்டாம் முறை பல்லவி வந்தபோது ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

இரண்டு குரல் "மழையாய்" என்றன. மேலே போன குரல் "மளையாய்" என்றது. இரண்டு குரல் "கழுவி" என்றன. அந்த ஒன்று "களுவி" என்றது.

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? உலகத்தில் அந்தச் சொல்லை அப்படிச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் இருபத்தெட்டு வருஷம் தினமும் அதைத் திருத்தியவன் ஒருவன்தான். அந்த "ளை"யின் ஓரத்தில் நாக்கு மடங்கும் விதம்கூட அவனுக்கு அத்துப்படி.

"பிரேமா" என்றான்.

அவள் அழவில்லை. "எடுக்கல" என்றாள். "அவங்க எடுக்கவே இல்ல."

"எதை?"

அப்போதுதான் சொன்னாள், யாரிடமும் சொல்லாத பாதிக் கதையை. ஒலிப்பதிவு செய்தவர் பெயர் வசந்தன். மூன்று தடவை பாட வைத்தும் இவளுக்கு "ழ" வரவில்லை. நேரமாகிவிட்டது. "சரி, நீங்க போங்க. அந்த மளைக் குரல மட்டும் நான் அப்புறமா வெட்டி எடுத்துடறேன்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. வேனில் திரும்பி வரும்போது மற்ற இருவரும் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேசட் வந்ததும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், தன் குரல் பிடிபடவில்லை. எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பாதி மனசு சொன்னது. இருக்கிறது என்று பாதி மனசு சொன்னது. அந்த இரண்டாவது பாதியை நம்பித்தான் புகுந்த வீட்டில் வாயைத் திறந்தாள்.

"நீங்கள்லாம் சிரிச்சப்ப, சரி, எடுத்துட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டேன். பாடாத பாட்டப் பாடுனேன்னு சொன்ன பொய்க்காரி ஆயிட்டேனேன்னு வெக்கமா போச்சு."

காளிதாஸுக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தக் குரலோடு ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன், இதை வாயை மூட வைத்ததில் என் சிரிப்பும் ஒன்று என்று நினைத்தான்.

"நானும் சிரிச்சேன்" என்றான். "தப்பு என் மேலதான் பிரேமா."

"தெரியும்" என்றாள் அவள். "இன்னொரு தடவ போடுங்க."

நாலு தடவை போட்டான். பிறகு இருவரும் அப்படியே குளுவாங்குக்கு வண்டியை விட்டார்கள். அவள் பின் சீட்டில், அவன் முன்னால், டாக்சிக்காரன் மாதிரி.

ஹேமநாதன் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டான். அரை நிமிஷத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினான். "டேய் தாஸ், பச்சையையும் ஊதாவையும் ஜோடி சேத்துட்டியா? பச்சைக்குப் பச்சைதான்டா ஜோடி!" அப்புறம் பிரேமலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். காளிதாஸ் விஷயத்தைச் சொன்னான். ஹேமநாதன் மறுபடியும் ஏறி உட்கார்ந்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அண்ணி, இந்த மேல போற குரலா?"

அவள் தலையசைத்தாள்.

"எப்படிடா இது?" என்றான் காளிதாஸ்.

"பாட்டுல இடது, வலதுன்னு ரெண்டு பக்கம் இருக்குலா. பெரிய பாட்டுக்காரங்க குரல ரெண்டுலயும் சரிசமமா வெப்பாங்க. நீ குடுத்த வயருல, ஸ்பீக்கர இந்தப் பக்கம் ஒருத்தன் இழுக்கிறான், அந்தப் பக்கம் ஒருத்தன் இழுக்கிறான். ரெண்டு பேருக்கும் சம பலம்னா கயிறு நகராது, குரல் வராது. ஒரு பக்கத்துல மட்டும் எது இருக்கோ அது மட்டும்தான் வெளிய வரும்." ஹேமநாதன் பிரேமலாவைப் பார்த்தான். "உங்கள ஒரே பக்கமா வெச்சிருக்காங்க அண்ணி."

"ஆமா" என்றாள் பிரேமலா. "எங்க மூணு பேருக்கும் சேத்துத் தனியா ஒரே மைக். செவுத்தோரமா மெத்தைய சாத்தி வெச்சு, அங்க நிக்க வெச்சாங்க."

மூன்று பெண்கள் செவுத்தோரமாக நின்றது முப்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு தப்பான வயரால் தெரியவந்தது. மாரியம்மா, உன் கணக்கே கணக்கு என்று காளிதாஸ் மனசுக்குள் கும்பிட்டான்.

"பத்து நிமிஷ வேலைதான். மாத்திடட்டுமா?" என்றான் ஹேமநாதன்.

"தொடாத" என்றான் காளிதாஸ். "இப்படியே இருக்கட்டும்."

"மாத்துங்க" என்றாள் பிரேமலா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அது அந்தம்மா பாட்டுங்க. அவங்க வாய மூடி வெச்சுட்டு நான் என் குரல மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கணுமா? அன்னிக்கு எல்லாரும் மூஞ்சத் திருப்பினப்ப, அவங்கதான் எனக்கு டீ வாங்கிக் குடுத்து, நல்லாப் பாடுனம்மான்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இருக்கேன்னு தெரிஞ்சிடுச்சு. அது போதும்."

காளிதாஸுக்கு அது போதவில்லை. ஆனால் எதிர்த்துப் பேச அன்றைக்கு அவனுக்கு வாயில்லை. ஹேமநாதன் டேப்பைப் பிரித்தான். பச்சை பச்சையோடு சேர்ந்தது, ஊதா ஊதாவோடு சேர்ந்தது. மூவரும் காருக்குள் உட்கார்ந்தார்கள். புள்ளி திரையின் நடுவில் இருந்தது.

சந்திரமதி வந்தார். உடுக்கை முழுசாக வந்தது. பல்லவி வந்தது, மறுபடியும் அந்தப் பெரிய குரல், அதற்குப் பின்னால் அதே முனகல். கைக்கு எட்டியது இப்படிப் போய்விட்டதே என்று காளிதாஸ் திரும்பினான். பிரேமலா இடது கதவை விரலால் காட்டினாள். அவன் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தான். மனசைச் சந்திரமதியிடமிருந்து பிடுங்கி, ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான்.

"மளையாய்."

இருந்தது. பெரிய குரலுக்குக் கொஞ்சம் இடதுபுறம், கொஞ்சம் மேலே, நூலிழைபோல் கூடவே போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை பிடித்துக்கொண்ட பிறகு அதை விட முடியவில்லை. எந்த வயரையும் மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பான். ஆயிரம் தடவையும் அவள் அதில் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள். காளிதாஸ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஹேமநாதன் மெதுவாகக் கதவைத் திறந்து, கடைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துக் கோவிலில் பூசை. மலர் அக்காவும் கூட வந்தாள். முழங்கால் வலி என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, புது ரேடியோவைத் தடவிப் பார்த்தாள். "போடுடா தம்பி. நம்ம குழுவினர் பாட்டப் போடு" என்றாள், வழக்கம்போல.

பாலோ ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் போகும்போது போட்டான். "அக்கா, ஒண்ணு சொல்றேன். இடது பக்கம் காத வை. மழைன்னு வர்ற எடத்துல 'மளை'ன்னு ஒரு குரல் கேக்கும்."

"எங்கடா?"

"பேசாம கேளுக்கா."

மலர் ஜன்னலை மேலே ஏற்றினாள். தலையைச் சாய்த்தாள். பல்லவி ஒரு தடவை போனது, அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை அவள் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது. கல்யாணம், கருமாதி, தீபாவளி என்று எல்லாவற்றுக்கும் வாய் ஓயாத மலர், ஒரு மைல் தூரம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். பாட்டு முடிந்ததும் கஷ்டப்பட்டு உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

"ஏன்டி பிரேமா, நீ சத்தம் போட்டுச் சொல்லியிருக்கக் கூடாது?"

"சொன்னேனே அண்ணி."

மலர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அதே பட்டப்பெயரைத்தான் சொன்னாள், ஆனால் கோவிலில் பெரியவர்களைக் கூப்பிடும் குரலில்.

"குழுவினரே, ஒருவாட்டி பாடுங்களேன்."

காளிதாஸ் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து வைத்தான். கண்ணாடியில் பார்த்தான். பிரேமலா வெளியே செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லவி நெருங்கியது. அவள் மூச்சை இழுத்தது அவனுக்குக் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து இல்லை, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து.

"மளையாய் வாம்மா..."

ஐம்பத்து மூன்று வயசுக் குரல் பத்தொன்பது வயசுக் குரலோடு சேர்ந்து மேலே போனது. கொஞ்சம் கரகரத்தது, ஆனால் வழி தவறவில்லை. காளிதாஸுக்குக் கண் மறைத்தது. வண்டியை ஓரமாக மெதுவாக்கினான். அடுத்த அடி வந்தபோது அவனும் சேர்ந்துகொண்டான். சுருதி இல்லை, தாளம் இல்லை, ஆனாலும் பாடினான்.

"களுவிப் போம்மா" என்றே பாடினான்.